பின்னம் ஓர் எண்: பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

தொடக்க வகுப்புகளுக்குக் கணிதப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும் வினாத்தாள் அமைக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நாங்கள் கேட்க வந்தது ஒன்றுதான். பின்னம் என்பது ஓர் எண் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுங்கள். விதிகள் அதற்குப் பிறகு வரட்டும்.

பின்னப் பாடம் வழக்கமாக எப்படித் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நான்காகப் பிரித்த வட்டம், அதில் மூன்று பங்குக்கு வண்ணம். அடுத்த பக்கத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. அதற்கடுத்து கூட்டல் விதி, கழித்தல் விதி, பெருக்கல் விதி, வகுத்தல் விதி. பிள்ளையின் கண்ணுக்கு இந்த நான்கும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. கூட்டுவதற்கு முன் பகுதியைச் சமமாக்க வேண்டும், பெருக்குவதற்கு முன் வேண்டாம். கூட்டும்போது பகுதிகளைக் கூட்டக் கூடாது, ஆனால் பெருக்கும்போது பகுதிகளைப் பெருக்கியே ஆக வேண்டும். வகுக்கும்போது ஒன்றைக் கவிழ்க்க வேண்டும், எதை என்பது தேர்வு நாளில் மறந்துபோகும். 3/4 எவ்வளவு பெரியது என்று தெரிந்த பிள்ளை தவறான விடையைப் பார்த்த உடனே சந்தேகப்படும். தெரியாத பிள்ளைக்கு எந்த விடையும் சரியாகவே தோன்றும்.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கணிதம் கற்பிக்கும் எல்லோரும் இந்தத் தவறைப் பார்த்திருப்பார்கள். மேலே உள்ளவற்றைக் கூட்டி, கீழே உள்ளவற்றைக் கூட்டினால் வரும் விடை இது. பகுதியைச் சமமாக்கவில்லை என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. 2/5 என்பது 1/2-ஐவிடச் சிறியது. அரையோடு ஏதோ ஒன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்திருக்கிறது, அது அந்தப் பிள்ளையை உறுத்தவே இல்லை. விதியை மறந்ததைவிட உறுத்தாமல் போனதுதான் பெரிய குறை.

இது ஏதோ ஒரு வகுப்பறையில் மட்டும் நடப்பதல்ல. 1978-ல் அமெரிக்காவில் நாடு தழுவி நடந்த கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 எதற்கு அருகில் வரும் என்று கேட்டார்கள். கூட்டச் சொல்லவில்லை, மதிப்பிடத்தான் சொன்னார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டுமே ஒன்றுக்குச் சற்றுக் குறைவான எண்கள், ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 12-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 19, 13-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 21. அவர்கள் கண்ணில் பட்டவை இரண்டு பின்னங்கள் அல்ல, நான்கு முழு எண்கள்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தேர்வில் 20-க்கு 18, இன்னொரு தேர்வில் 10-க்கு 7 வாங்கினால் மொத்தம் 30-க்கு 25. இதை நாமே விடைத்தாளில் 18/20, 7/10, 25/30 என்று எழுதிக் காட்டுகிறோம். அங்கே மேலும் கீழும் கூட்டுவது சரி, ஏனென்றால் அங்கே இரண்டு தேர்வுகள், முழுமை ஒன்று அல்ல. பின்னக் கூட்டலில் இரண்டு பின்னங்களும் ஒரே முழுமையைச் சேர்ந்தவை. இந்த வேறுபாட்டைச் சொல்லும் பாடநூலை நாங்கள் பார்த்ததில்லை. ஒரு பத்தி போதும், எழுதிவிடுங்கள்.

இனி சொற்களுக்கு வருவோம். 'பகுதி' என்ற சொல்லை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் காதால் கேட்டுப் பாருங்கள். "நான்கு பகுதிகளில் மூன்று பகுதிகளுக்கு வண்ணம் தீட்டு" என்று ஒரு பக்கத்தில் படிக்கிறது. அடுத்த பக்கத்தில் "இதன் பகுதி 4" என்று படிக்கிறது. முதலில் துண்டைக் குறித்த சொல் இப்போது கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைக் குறிக்கிறது. கலைச்சொல்லை மாற்றச் சொல்லவில்லை, அது நிலைத்துவிட்டது. படத்தைப் பற்றிப் பேசும்போது பங்கு அல்லது துண்டு என்று எழுதுங்கள், 'பகுதி'யைக் கீழெண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'தகா பின்னம்' என்ற பெயரும் இப்படித்தான் இடிக்கிறது. 5/4 ஏதோ கூடாத எண், விடையாக வந்தால் எங்கோ பிழை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 5/4 நல்ல எண்தான், 1-க்கு அப்பால் இருக்கிறது, அவ்வளவே.

எழுதும் வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் சொல்வது "நான்கில் மூன்று", எழுதுவது மேலே மூன்று, கீழே நான்கு. காதில் முதலில் விழுவதை முதலில் எழுதும் பிள்ளை 4/3 என்று எழுதிவிடுகிறது. அதைத் தவிர்க்க "மூன்று பை நான்கு" என்று படிக்கப் பழக்கினால் வரிசை சரியாகிவிடும், பொருள் போய்விடும். "நான்கில் மூன்று" என்றே படிக்கட்டும். எழுதும்போது முதலில் கோடு, பிறகு கோட்டுக்குக் கீழே 4, கடைசியில் மேலே 3 என்ற வரிசையைப் பழக்குங்கள். சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகிவிடும். எந்த அளவுத் துண்டு என்பதை முதலில் முடிவு செய்து, எத்தனை என்பதைப் பிறகு எண்ணுவதுதான் பின்னத்தின் பொருளும்.

தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரு வசதியைப் பாடநூல்கள் பயன்படுத்துவதே இல்லை. கால், அரை, முக்கால் மூன்றும் தனித்தனிச் சொற்கள். 3/4 என்று எழுதினால் இரண்டு இலக்கங்கள் தெரிகின்றன, முக்கால் என்று சொன்னால் ஓர் அளவு தெரிகிறது. கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டு என்று ஒரு பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். காலை அலகாக வைத்து எண்ணுவது இதுதான். ஒன்றைத் தாண்டும்போது எந்தத் தடையும் இல்லை, கலப்புப் பின்னமும் பேச்சிலேயே வந்துவிடுகிறது. காலில் பாதிக்கு அரைக்கால் என்று பெயர். 1/2 × 1/4 = 1/8 என்ற பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூன்றில் ஒன்றுக்கு இப்படி ஒரு தனிச்சொல் இல்லை. ஆகவே காலில் தொடங்கி, சொல்லால் பழகி, பிறகு மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று போங்கள்.

அடுத்து, வட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்கிறோம். வட்டத்தை இரண்டாகவும் நான்காகவும் பிரிப்பது எளிது. மூன்றாக, ஐந்தாகப் பிள்ளையால் பிரிக்க முடியாது. இணைகோடுகள் போட்டு மூன்று துண்டாக்கி, ஓரத்துத் துண்டுகள் சிறியவை என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடும். அதோடு, வட்டம் ஒன்றோடு முடிந்துவிடுகிறது. 5/4-ஐ வட்டத்தில் காட்டச் சொன்னால், "நான்குதானே இருக்கிறது, ஐந்து எப்படி எடுப்பது?" என்பார்கள். அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது.

வட்டத்துக்குப் பதில் காகிதப் பட்டை. 24 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு பட்டைகள் வெட்டிக்கொள்ளலாம். 24 ஏன் என்றால், 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும், ஒவ்வொரு துண்டும் முழு செ.மீ.யில் வரும். முதல் பட்டையை மடிக்க வேண்டாம், அதுதான் 1. இரண்டாவதை நடுவில் ஒருமுறை மடித்தால் 12 செ.மீ. துண்டுகள். மூன்றாவதை இருமுறை மடித்தால் 6 செ.மீ. நான்காவதை மும்முறை மடித்தால் 3 செ.மீ. ஐந்தாவதை மூன்றாக மடித்தால் 8 செ.மீ. ஆறாவதை மூன்றாக மடித்து, அதை மீண்டும் நடுவில் மடித்தால் 4 செ.மீ. ஐந்தில் ஒன்றுக்கு இந்தப் பட்டை ஒத்துவராது, 4.8 செ.மீ. வரும். அதற்கு 30 செ.மீ. பட்டை தனியாக வேண்டும், ஒரு துண்டு 6 செ.மீ.

மடிப்பதில் தவறுகள் வரும். அந்தத் தவறுகளில்தான் பாடமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். மூன்றாக மடிக்கச் சொன்னால் பலர் நடுவில் மடித்து மீண்டும் நடுவில் மடித்து நான்காக்கிவிட்டு, ஒன்றை ஒதுக்கிவிடுவார்கள். பட்டையைப் பாம்புபோல இருமுறை வளைத்து, மூன்று அடுக்கும் சமமாக அமையும்வரை இழுத்துச் சரிசெய்து, அதன்பிறகே மடிப்பை நகத்தால் அழுத்த வேண்டும். முன்கூட்டியே அழுத்தினால் ஒரு துண்டு ஏழரை செ.மீ., இன்னொன்று ஒன்பது என்று வரும். அப்படி வந்ததைத் தூக்கி எறியாமல் அதையே கேளுங்கள்: "மூன்று துண்டுகள் இருக்கின்றன, இதில் ஒன்று மூன்றில் ஒன்றா?" சமம் என்ற நிபந்தனை அங்கே மனத்தில் பதியும். மும்முறை மடித்த பட்டையைப் பிரித்துப் பார்த்தால் ஏழு மடிப்புக் கோடுகள், எட்டுத் துண்டுகள். கோடுகளை எண்ணிய பிள்ளை ஒரு துண்டை 1/7 என்கிறது. மடித்த தடவையை எண்ணிய பிள்ளை 1/3 என்கிறது. ஒரு துண்டை எடுத்து முழுப் பட்டை நெடுக எத்தனை முறை வைக்க முடிகிறது என்று அளக்கச் சொன்னால் இருவரும் 8-க்கு வந்துவிடுவார்கள். 1/8 என்பதன் பொருளே அதுதான்: எட்டு முறை அடுக்கினால் ஒன்றாகும் அளவு.

இதை ஓரலகுப் பின்னம் என்கிறோம். மற்ற எல்லாப் பின்னங்களும் இதை எண்ணுவதால் வருபவை. 5/8 என்பது 1/8 துண்டுகள் ஐந்து. 11/8 என்பது 1/8 துண்டுகள் பதினொன்று, இரண்டாவது பட்டைக்குள் நுழைந்துவிடும். பகுதி துண்டின் பெயர், தொகுதி அதன் எண்ணிக்கை.

2/5 போன்ற ஒன்றை ஒரே எண்ணாக ஏற்பது இயல்பாக வந்துவிடுவதும் அல்ல. பழைய எகிப்தியர்கள் 2/3 போன்ற மிகச் சிலவற்றைத் தவிர மற்ற பின்னங்களை ஓரலகுப் பின்னங்களின் கூட்டலாகவே எழுதினார்கள். கி.மு. 1550 வாக்கில் படியெடுக்கப்பட்ட ரைண்ட் பாப்பிரஸ் என்ற எகிப்தியக் கணிதச் சுவடியில் 2-ஐ 3 முதல் 101 வரையுள்ள ஒற்றைப்படை எண்களால் வகுத்த அட்டவணை இருக்கிறது. அதில் 2/5 என்பது 1/3 + 1/15. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-ல் பின்னங்களுக்கு விதிகள் எழுதியபோதும் எண்ணை எண்ணின்கீழ் வைத்தார்கள், நடுவே கோடு இல்லை. இவ்வளவு காலம் எடுத்து உருவான எழுத்துமுறையை ஒரே பாடவேளையில் முடித்துவிட்டுக் கூட்டலுக்குப் போகிறோம்.

கோட்டைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. 3/4 என்பது 3 ÷ 4-ம்தான், பட்டையில் இதைக் காட்டிவிடலாம். மூன்று முழுப் பட்டைகளை முனையோடு முனை வைத்தால் 72 செ.மீ., அதை நான்காகப் பங்கிட்டால் 18. ஒரே பட்டையில் 6 செ.மீ. துண்டுகள் மூன்று எடுத்தாலும் 18. மூன்றை நால்வருக்குப் பங்கிடுவதும் ஒன்றில் முக்காலை எடுப்பதும் ஒரே அளவு என்பது பெரியவர்களுக்கே ஒரு கணம் வியப்பாகத்தான் இருக்கும்.

பட்டையிலிருந்து எண்கோட்டுக்குப் போவது ஓர் அடிதான்: பட்டையை ஒரு நேர்கோட்டின் மேல் வைத்து, இடது முனையில் 0, வலது முனையில் 1, அடுத்த பட்டையின் முனையில் 2. அமெரிக்காவில் 2010-ல் வந்த பொதுப் பாடத்திட்ட வரையறை மூன்றாம் வகுப்பிலேயே பின்னத்தை எண்கோட்டில் வைக்கச் சொல்கிறது. அந்த வரிசையை நாங்கள் சரியென்று கருதுகிறோம். இங்கே வரும் தவறுகள் மூன்று. சிலர் இடைவெளியை விட்டுக் கோடுகளை எண்ணுவார்கள், 0-வில் உள்ள கோட்டையும் சேர்த்து. சிலர் 0-வை விட்டுவிட்டு 1-லிருந்து தொடங்குவார்கள். மூன்றாவதுதான் ஆழமானது: 0 முதல் 2 வரை கோடு போட்டு 1/2-ஐக் குறிக்கச் சொன்னால், 1-ன் மேல் குறிப்பார்கள். மொத்தக் கோட்டில் பாதியை எடுக்கிறார்கள். பின்னம் என்றால் "எதிலாவது பாதி" என்று மட்டும் பழகியதன் விளைவு அது. ஆகவே பாடநூலில் எண்கோடு எப்போதும் 1-ல் முடிய வேண்டாம், 2 அல்லது 3 வரை நீளட்டும்.

எண்கோடு கைவந்த பிள்ளைக்கு ஒப்பிடுதல் பெரும்பாலும் கண்ணால் முடிகிற வேலை. 4/9, 4/11 இரண்டில் எண்ணிக்கை ஒன்று, துண்டு பெரியது ஒன்பதில் ஒன்று, ஆகவே 4/9 பெரியது. 3/7 அரைக்குக் கீழே, 5/9 அரைக்கு மேலே, முடிந்தது. 5/6, 7/8 இரண்டும் ஒன்றுக்கு ஒரு துண்டு குறைவு. "இரண்டுக்கும் ஒன்றுதானே குறைகிறது, அப்போ சமம்" என்பது இங்கே அடிக்கடி வரும் தவறு. குறைவது ஒன்றுதான், ஆனால் ஆறில் ஒன்றும் எட்டில் ஒன்றும் வேறு. சிறிய துண்டு குறைவதால் 7/8 பெரியது. 5/8, 7/11 போன்றவை வரும்போதுதான் குறுக்குப் பெருக்கல் தேவை: 5 × 11 = 55, 7 × 8 = 56, ஆகவே 7/11 நூலிழையில் பெரியது. எல்லாவற்றுக்கும் முதலிலேயே குறுக்குப் பெருக்கலைக் கொடுத்துவிட்டால் பிள்ளை அளவைப் பார்ப்பதை நிறுத்திவிடும். பிறகு கூட்டலிலும் குறுக்கே பெருக்கும், பெருக்கலிலும் குறுக்கே பெருக்கும்.

சமான பின்னத்துக்கு ஒரு வார்த்தை. 1/3-ம் 2/6-ம் பட்டையில் ஒரே 8 செ.மீ. ஒவ்வொரு துண்டையும் இரண்டாக வெட்டியதால் எண்ணிக்கை இரு மடங்கு, துண்டு பாதி. "மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கு" என்று மட்டும் சொன்னால், பின்னம் இரு மடங்காகிவிட்டது என்று சிலர் நினைப்பார்கள், மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் சமம்தான் என்று வேறு சிலர் முடிவு செய்வார்கள். 3/5-உம் 5/7-உம் சமம் என்று எழுதுவது இப்படித்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகு கூட்டல் புதிய பாடமே இல்லை. 2/3 + 1/4 என்பதில் இரண்டு வேறு துண்டுகள் இருக்கின்றன, மீட்டரையும் செ.மீ.யையும் அப்படியே கூட்ட முடியாததுபோல இவற்றையும் கூட்ட முடியாது. இரண்டையும் அளக்கும் பொதுத் துண்டு பன்னிரண்டில் ஒன்று: 8/12 + 3/12 = 11/12. பட்டையில் 16 செ.மீ., 6 செ.மீ., மொத்தம் 22, அதாவது 2 செ.மீ. துண்டுகள் பதினொன்று. மீச்சிறு பொது மடங்கைத்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தத் தேவையில்லை. 5/6 + 3/8-ல் 48-ஐ எடுத்தால் 40/48 + 18/48 = 58/48, சுருக்கினால் 29/24. 24-ஐ எடுத்தால் நேராக 20/24 + 9/24 = 29/24. இரண்டாவதில் வேலை குறைவு, முதலாவதில் தவறு இல்லை. 48 எடுத்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

கலப்புப் பின்னக் கழித்தலில் மட்டும் நேரம் செலவிடுங்கள், அங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். 5 1/3 − 2 3/4 என்ற கணக்கில் 1/3-லிருந்து 3/4 போகாது. முழு எண் கழித்தலில் கடன் வாங்கினால் பத்து வரும் என்று பழகிய பிள்ளை, 5-லிருந்து ஒன்றை எடுத்து மேலெண்ணில் பத்தைச் சேர்த்து 4 11/3 என்று எழுதுகிறது. இங்கே கடன் வாங்குவது ஒன்று, அந்த ஒன்று என்பது 3/3. ஆகவே 4 4/3. இன்னொரு பிள்ளை முழு எண்களைத் தனியாகக் கழித்து 3 என்றும், பின்னங்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5/12 என்றும் எழுதி, 3 5/12 என்று முடித்துவிடும். சரியான வழி 4 16/12 − 2 9/12 = 2 7/12. எண்கோட்டில் இதைவிட எளிது: 2 3/4-லிருந்து 3-க்கு 1/4, 3-லிருந்து 5-க்கு 2, 5-லிருந்து 5 1/3-க்கு 1/3. மூன்று தாவல்களையும் கூட்டினால் 2 7/12. கடனே வாங்க வேண்டியதில்லை. இந்த வழியை மாற்று வழியாக ஒரு மூலையில் போடாமல் முதல் வழியாகவே போடலாம்.

பெருக்கலில் தொந்தரவு சொல்லிலேயே தொடங்குகிறது. பெருக்கல் என்றால் பெருகுவது. நான்கு ஆண்டுகள் முழு எண்ணில் பெருக்கி, ஒவ்வொரு முறையும் பெருகியே பார்த்த பிள்ளைக்கு 6 × 1/2 = 3 தவறாகத்தான் தெரியும். "ஆறு முறை அரை" என்றும் "ஆறில் பாதி" என்றும் இரண்டு விதமாகப் படிக்கச் சொல்லுங்கள். 2/3 × 4/5 என்றால் 4/5-ல் மூன்றில் இரண்டு. ஒரு சதுரத்தை நெடுக்கில் ஐந்தாகப் பிரித்து நான்குக்குக் கோடிட்டு, குறுக்கில் மூன்றாகப் பிரித்து இரண்டுக்குக் கோடிட்டால், இரண்டு கோடும் விழுந்த கட்டங்கள் 8, மொத்தக் கட்டங்கள் 15. பகுதிகளை ஏன் பெருக்குகிறோம் என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும். படம் பார்க்காத பிள்ளை கூட்டல் பழக்கத்தில் பகுதியைச் சமமாக்கி, 10/15 × 12/15 = 120/15 = 8 என்று எழுதும். ஒன்றுக்குக் குறைந்த இரண்டு எண்களைப் பெருக்கி எட்டு!

வகுத்தலுக்கு வருவோம். "இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற விதியை மனப்பாடம் செய்யாதவர் இல்லை, ஏன் என்று கேட்டால் பதில் சொல்பவர் குறைவு. 1999-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் தொடக்க வகுப்பு ஆசிரியர்களிடம் 1 3/4 ÷ 1/2 என்பதற்குப் பொருத்தமான ஒரு கதைக் கணக்கு அமைக்கச் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் சரியாக அமைத்தவர் ஒருவர்தான். மற்றவர்களில் பலர் 2-ஆல் வகுக்கும் கதையையோ 1/2-ஆல் பெருக்கும் கதையையோ சொன்னார்கள். ஆசிரியர்களுக்கே இது பிடிபடாமல் இருந்தால் அதற்குக் காரணம் அவர்கள் படித்த புத்தகம்தான்.

இந்தக் கணக்கையே பாடநூலில் வையுங்கள். 1 3/4 மீட்டர் நாடா இருக்கிறது, 1/2 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை வரும்? மூன்று துண்டுகள் வெட்டியாயிற்று, 1/4 மீட்டர் மிச்சம். விடை 3 1/4 என்று எழுதுவார்கள். அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்: அந்த 1/4 எதில்? மீட்டரில். நாம் எண்ணுவது எதை? அரை மீட்டர் துண்டுகளை. 1/4 மீட்டர் ஒரு துண்டில் பாதி. ஆகவே விடை 3 1/2. அளக்கும் அலகு மாறினால் மிச்சத்தின் பெயரும் மாறும் என்பது பின்னப் பாடத்திலேயே நுட்பமான இடம். ஒரு முழுப் பாடவேளை இதற்கு ஒதுக்கினாலும் தகும்.

விதிக்கு முன்னால் ஒரு படி வைக்கலாம். பகுதியைச் சமமாக்கி வகுப்பது: 7/4 ÷ 2/4 என்றால் ஏழு காலில் எத்தனை இரண்டு கால்? 7 ÷ 2, அதாவது 3 1/2. இதில் எதையும் கவிழ்க்க வேண்டியதில்லை. தலைகீழி பிறகு வரும்: ஒன்றில் மூன்றில் ஒன்று மூன்று முறை இருக்கிறது, ஆகவே 1/3-ஆல் வகுப்பது 3-ஆல் பெருக்குவது. 2/3 என்பது இரு மடங்கு பெரிய துண்டு, ஆகவே ஒன்றில் அது அந்த மூன்றில் பாதி முறைதான் இருக்கும், 3/2. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை முதல் எண்ணைக் கவிழ்த்து 4/7 × 1/2 = 2/7 என்று எழுதினாலும், ஒன்றேமுக்காலில் அரை ஒருமுறைகூட இல்லையா என்று தானே நிறுத்திக்கொள்ளும்.

சுருக்குவதை எல்லோரும் 'அடிப்பது' என்கிறோம். அந்தச் சொல் வகுத்தலை மறைத்துவிடுகிறது. 5/10-ல் 5-ஐ அடித்துவிட்டு மேலே எதுவும் இல்லை என்று 0/2 எழுதுவது அதனால்தான், 5-ஐ 5-ஆல் வகுத்தால் 1. மேலும் கீழும் ஒரே இலக்கம் கண்ணில் பட்டாலே அடிக்கலாம் என்ற எண்ணமும் வரும். 16/64-ல் 6-ஐ அடித்தால் 1/4 தற்செயலாகச் சரியாக வருகிறது, 19/95, 26/65, 49/98 ஆகியவற்றிலும் அப்படியே. 13/34-ல் 3-ஐ அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், 1/4 வரும், உண்மையில் 13/34 மூன்றில் ஒன்றைவிடப் பெரியது. பின்னாளில் இயற்கணிதத்தில் கூட்டல் குறியின் ஊடாக அடிக்கும் பழக்கத்தின் விதை இங்கே விழுகிறது. அந்த இழப்பு சிறியதல்ல. அமெரிக்க, பிரித்தானிய மாணவர் தரவுகளை வைத்து 2012-ல் வெளியான ஆய்வில், பத்து வயதில் பின்னத்திலும் வகுத்தலிலும் இருந்த தேர்ச்சி உயர்நிலை வகுப்புக் கணிதத் தேர்ச்சியை முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானத்தையும் பொது அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

வினாத்தாள் அமைப்போரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் தேர்வில் வராததை வகுப்பில் யாரும் நடத்துவதில்லை. 17/23 + 5/19 போன்ற கணக்குகளை விட்டுவிடுங்கள், அது பெரிய எண் பெருக்கலைச் சோதிக்கிறது, பின்னத்தைச் சோதிக்கவில்லை. 2, 3, 4, 5, 6, 8, 10, 12 என்ற பகுதிகளுக்குள்ளேயே வேண்டிய எல்லாவற்றையும் கேட்கலாம். 0 முதல் 2 வரையுள்ள எண்கோட்டில் 7/6-ஐக் குறி. 3/8 × 5/6-ன் விடை 3/8-ஐவிடப் பெரியதா, சிறியதா, பெருக்காமல் சொல். 2/5-க்கும் 3/5-க்கும் இடையே ஒரு பின்னம் எழுது. 2 1/4 ÷ 3/4-க்கு ஒரு கதைக் கணக்கு அமை. ஒருவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறார், கணக்கிடாமலே இது தவறென்று எப்படிச் சொல்வாய்? இப்படிப்பட்டவை தாளில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

பாடவேளையையும் கணக்கிட்டே எழுதுகிறோம். பட்டை மடிப்புக்கு இரண்டு, ஓரலகுப் பின்னத்தை எண்ணுவதற்கு இரண்டு, எண்கோட்டுக்கு மூன்று, ஒப்பிடுதலுக்கும் சமான பின்னத்துக்கும் மூன்று, ஆக பத்து வகுப்புகள் கூட்டல் குறியே இல்லாமல் போகும். பாடம் முடியாது என்று ஆசிரியர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தைப் போக்க உங்களால்தான் முடியும்: ஆண்டுத் திட்டத்திலேயே இந்தப் பத்தையும் எழுதிக் கொடுங்கள். தலைகீழி விதியை அடுத்த வகுப்புக்குத் தள்ளினால் அதற்கான இடம் கிடைத்துவிடும். விடைக்குறிப்பில் ஒவ்வொரு பின்னக் கணக்குக்கும் எதிரே 'உத்தேச விடை' என்று ஒரு வரி சேருங்கள், 5 1/3 − 2 3/4-க்கு எதிரே "இரண்டரைக்குச் சற்று மேல்" என்று. அதை எழுதிய பிள்ளைக்கு, கணக்கில் எங்கோ வழுக்கியிருந்தாலும், ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்புகளில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள்